பால் குடித்து இளைத்த பிள்ளைகள்

தர்ம ஸ்தாபனத்தில் அறிக்கை எழுதுகிறவனுக்கு வேலை ஒன்றுதான்: இங்கே ஒரு பிள்ளை குடித்த பாலை, அங்கே அதற்குக் காசு கொடுத்தவர் கண்ணால் பார்த்த மாதிரி நம்பவைப்பது.

எழுபதுகளின் நடுவில், இலங்கையில் மூன்று வருஷம் நான் அந்த வேலை பார்த்தேன். மாவுக்குத் தட்டுப்பாடு, அரிசிக்குத் தட்டுப்பாடு, ஒரு றாத்தல் பாண் ரொட்டிக்கு அரை நாள் வரிசை என்று எல்லாரும் அல்லாடிய காலம். யட்டியாந்தோட்டைக் கடைவீதியில், ஒரு புடவைக்கடைக்கு மேலே எங்கள் கந்தோர். கந்தோர் என்றால் ஒரு டைப்ரைட்டர், நான், எனக்கு மேலதிகாரியாக அந்தோனி மாஸ்டர். அவர் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். எங்கள் பொறுப்பில் இருந்தது மலைமேல் ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல்கணக்கு டிவிஷன். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைப்பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பிராவில், காலையில் ஆளுக்கு ஒரு கோப்பை பால் கொடுப்போம். பாதிப் பிள்ளைகளுக்கு மத்தியானம்வரை வயிற்றில் இருந்தது அந்தப் பால் மட்டும்தான்.

பால்மா கடல் கடந்த நாட்டுச் சபை ஒன்றிலிருந்து வந்தது. பதிலுக்கு அவர்கள் கேட்டது மூன்று மாதத்துக்கு ஒரு படம், ஒரு கதை, ஒரு பக்கம் எண்கள். இதில் ஏதாவது பிசகினால் அடுத்த கப்பலில் பெட்டி வராது. தொழிலாளர் குடியிருந்த லயத்தில் எனக்குப் பெயர் 'பால் சார்'. நீங்களும் எங்காவது உட்கார்ந்து 'பயனடைந்தோர் விபரம்' என்ற கட்டத்தை நிரப்பித் தலைவலி வாங்கியவரா? அப்படியானால் உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் நம்பமாட்டார்கள்.

படத்துக்கு நின்றது

சபையிலிருந்து வந்த முதல் கடிதமே படத்தைப் பற்றித்தான். பால் கொடுக்கத் தொடங்குவதற்கு முன் பிள்ளைகள் இருக்கும் நிலையைக் காட்டும் படம் வேண்டும். இயல்பாக இருக்கட்டும், ஜோடனை வேண்டாம் என்று கோடு போட்டு எழுதியிருந்தார்கள். கடைவீதியில் ஸ்டுடியோ வைத்திருந்த பியதாசவைக் கூட்டிக்கொண்டு மேல்கணக்குக்கு ஏறினேன். நான் செய்த ஒரே தப்பு, படம் எடுக்க வருகிறோம் என்று முதல் நாளே சொல்லி அனுப்பியது.

போய்ப் பார்த்தால் தீபாவளி. எண்ணெய் வடிய வாரிய தலைகள், முகத்தில் அரை அங்குலத்துக்குப் பவுடர், கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு. லயத்தில் இருந்த ஒரே ஒரு சங்கிலி பிள்ளைக்குப் பிள்ளை கழுத்து மாறிக்கொண்டிருந்தது. ஒரு பையனுக்கு அவன் அப்பாவின் கோட்டு. உள்ளே அவன் இருக்கிறானா என்று தேடவேண்டியிருந்தது. கொழுந்தெடுக்கும் மாரியாயி தன் இரண்டரை வயது மகள் லெச்சுமிக்குச் சாட்டின் சட்டை மாட்டிக் கொண்டுவந்திருந்தாள். பக்கத்து லயத்திலிருந்து இரவல் வாங்கியது. பிள்ளை சாதாரணமாக வீட்டில் எப்படி இருக்குமோ அப்படி நிற்கட்டும், இந்தச் சட்டை வேண்டாம் என்று நான் நயமாகச் சொன்னேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"போட்டோ வெள்ளக்காரவுங்க ஊருக்குப் போகுதுங்கிறீங்க. எங்க புள்ள அம்புட்டுத் தூரம் போயி அழுக்குச் சட்டையோட நிக்கணுமா சார்?"

பியதாசவின் பென்சில்

சாட்டினை ஒருவழியாகக் கழற்றிப் படம் எடுத்து, கழுவி, பிரிண்ட் வந்தது. பார்த்தேன். பிள்ளைகள் அத்தனை பேருக்கும் கன்னம் ஆப்பம் மாதிரி உப்பியிருந்தது. சொறி இல்லை, சிரங்கு இல்லை, ஒட்டிய வயிறு இல்லை. லெச்சுமிக்கு இரட்டை நாடி. பியதாச கல்யாணப் படக்காரர். நெகட்டிவில் பென்சில் வைத்து ஒட்டிய கன்னத்தை நிரப்புவதுதான் அவருடைய கைத்திறமை. பெண் பார்க்கும் படங்களுக்கு அவிசாவளையிலிருந்துகூட அவரைத் தேடி வருவார்கள்.

"என்ன பியதாச அண்ணே, பட்டினிப் பிள்ளைகளைக் கேட்டால் மாப்பிள்ளைகளைக் கொடுத்திருக்கிறீர்களே" என்றேன். அவர் மனம் நொந்துபோனார். முப்பத்தைந்து முகத்துக்கு இரண்டு நாள் கண்ணைக் கெடுத்துக்கொண்டிருக்கிறார், அதற்குத் தனியாகக் காசும் கேட்கவில்லை.

"மாத்தயா, பால் குடுத்து ஒங்களுக்கு மூணு மாசம் போகும். நான் ரெண்டு நாள்ல செஞ்சி குடுத்தேன், ஹொந்தய் நே, நல்லதுதானே?"

கதை வாங்கப் போனது

கதைக்கென்று ஒரு கேள்விப் படிவம் வந்தது. பிள்ளை ஒரு நாளைக்கு எத்தனை முறை சாப்பிடுகிறது, வீட்டில் எத்தனை பேர், பால் வந்த பிறகு குடும்பத்தில் என்ன மாற்றம் என்று பன்னிரண்டு கேள்வி. அந்தோனி மாஸ்டர் அழகாகத் தமிழ்ப்படுத்தினார். அதைத் தூக்கிக்கொண்டு மாரியாயியின் காம்பிராவுக்குப் போனேன். மாரியாயி மலையில், வீட்டில் இருந்தது அவள் மாமனார் கருப்பையா.

அந்த வருஷங்களில் கையில் கடதாசியோடு லயத்துக்கு வருகிறவன் ஒரே விஷயமாகத்தான் வருவான்: நீ இந்தியாவா, இலங்கையா? எத்தனையோ குடும்பங்களைக் கடதாசி வந்து இந்தியாவுக்குக் கப்பலேற்றியிருந்தது. கருப்பையா என் படிவத்தைக் கண்டதும் உள்ளே போய்க் கோட்டுப் போட்டுக்கொண்டு, தகரப்பெட்டியைத் தூக்கிவந்து என் முன்னால் திறந்தார். பிறப்புத் துண்டு, பதிவுத் துண்டு, செல்லரித்த அம்மைப்பால் குத்திய துண்டு.

"பிள்ளை ஒரு நாளைக்கு எத்தனை தரம் சாப்பிடுது?" என்று கேட்டேன். "எங்கப்பாரு மண்டபம் கேம்பு வழியா வந்தாருங்க. நான் இதே லயம்" என்றார். "வீட்டில் எத்தனை பேர்?" என்றேன். "ஒருத்தரும் எங்கயும் போனதில்லங்க, கதிர்காமம் தவிர." பால் வந்த பிறகு என்ன மாற்றம் என்பதற்கு, தன் தம்பி இந்தியா போகக் கையெழுத்துப் போட்டது தன்னைக் கேட்காமல் என்று சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது, அவர் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து நீட்டியதைப் பார்த்ததும் போய்விட்டது. இது அந்தக் கடதாசி இல்லை, வெறும் பால் விஷயம், யாரும் யாரையும் எங்கேயும் அனுப்பமாட்டார்கள் என்று மூன்று தரம் சொன்னேன். அவர் பெட்டியை மூடி, அதன்மேல் கையை வைத்துக்கொண்டார்.

"எதுக்கும் நான் இங்கனதான் பொறந்தேன்னு எழுதிக்குங்க தம்பி. பால் கடுதாசியா இருந்தாலும் பரவாயில்ல."

கூடை இல்லாத கழிவு

இனி எண்கள். பிள்ளைகளின் எடை மாதாமாதம் வேண்டும் என்றது சபை. எங்களிடம் தராசு இல்லை. தோட்டத்துரையிடம் கேட்டு, கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தொங்கும் தராசை இரவல் வாங்கினோம். சாக்கில் தூளி கட்டி, கொக்கியில் மாட்டி, முள்ளைச் சுழியத்தில் வைத்து, முதல் மாதம் நானே நிறுத்தேன். நல்ல வெயில் மாதம். அடுத்த மாதங்களில் மழை பிடித்துக்கொண்டது. மலை ஏறச் சோம்பல்பட்டு, வேலையைக் கணக்கப்பிள்ளை இராமசாமியிடம் விட்டேன். இருபது வருஷமாகக் கொழுந்து நிறுத்தவர். எழுத்து முத்து முத்தாக இருக்கும். அவர் அனுப்பிய எண்களை அப்படியே டைப் அடித்துத் தபாலில் போட்டேன். போட்ட பிறகுதான் நகலைப் படித்தேன். மூன்று மாதம் பால் குடித்ததில் பிள்ளைகள் ஆளுக்கு மூன்று றாத்தல் இளைத்திருந்தார்கள்.

விழுந்தடித்துக்கொண்டு மலைக்கு ஓடினேன். இராமசாமி பதறவே இல்லை. பெண்கள் கொழுந்து கொண்டுவந்தால் கூடைக்கென்று இரண்டு றாத்தல் கழிப்பது வழக்கம். மழை நாளென்றால் இலையில் இருக்கும் தண்ணீருக்கு இன்னும் இரண்டு. அந்த நாலைக் கழித்ததால் எடை குறைந்து, முழுப்பேர் அரைப்பேராகி, அரைநாள் கூலியோடு போன பெண்கள் உண்டு. பிள்ளைகளுக்கும் அதே கைப்பழக்கம். "இங்கே கூடையே இல்லையே, தூளிதானே, அதையும் சுழியத்தில் வைத்துத்தானே நிறுக்கிறோம்" என்றேன். கூடை இல்லாவிட்டாலும் கழிவு கழிவுதான் என்றார். சரி, தண்ணீருக்கு எதற்கு இரண்டு என்று கேட்டேன். மனிதர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"கொழுந்து நனைஞ்சாலும் தண்ணி, புள்ள நனைஞ்சாலும் தண்ணி. ஒருத்தருக்கு ஒரு நாயம் பாக்க முடியுங்களா?"

சரிசெய்த எடை

சபையின் பதில் வந்தது. எங்கள் பால் பிள்ளைகளை மெலியவைப்பது எப்படி என்று விளக்கவும். எங்கள் பிரதிநிதி நேரில் வருவார். அவருக்குத் திருப்தி இல்லாவிட்டால் உதவி நிறுத்தப்படும். அந்தோனி மாஸ்டர் மூன்று தரம் விளக்கம் எழுதி மூன்றையும் கிழித்தார். "கொழுந்துல கழிக்கிற மாதிரி புள்ளையில கழிச்சிட்டோம்னு இங்கிலீஷ்ல எழுதிப் பாருங்க தம்பி, நமக்கே நம்பிக்கை வராது" என்றார். மறுபடி ஒழுங்காக நிறுப்பது என்று முடிவானது. அங்கேதான் நான் அடுத்த முட்டாள்தனத்தைச் செய்தேன். எடை கூடாவிட்டால் பால் நின்றுவிடும் என்று தாய்மாரைக் கூட்டிவைத்துச் சொல்லிவிட்டேன்.

நிறுவை நாளில் ஒரு சல்லிகூடக் கழிக்கமாட்டேன் என்று இராமசாமி சத்தியம் செய்தார். கழிக்கவும் இல்லை. ஆனால் லெச்சுமி போன நிறுவையைவிட ஒன்பது றாத்தல் ஏறியிருந்தாள். நல்ல முடிவுகளை யோசிக்காமல் ஏற்றுக்கொள்ளும் அந்தோனி மாஸ்டரே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிள்ளைக் காம்பிரா ஆயம்மா பாக்கியம் லெச்சுமியைத் தூளியிலிருந்து தூக்கியபோது சட்டைக்குள்ளிருந்து ஆற்றுக்கல் ஒன்று விழுந்தது. பிறகு இன்னொன்று. அத்தனை பிள்ளைகளையும் உலுக்கினோம். கல், ஆணி, அம்மிக்குழவியில் உடைந்த துண்டு. ஒரு பையனின் அரைஞாணில் காம்பிராப் பூட்டே தொங்கியது, சாவியோடு. இப்படிப் பொய் சொல்லலாமா என்று மாரியாயியைப் பிடித்தேன். அவளுக்கு வெட்கம் கொஞ்சமும் இல்லை.

"பொய் என்னா சார் பொய். கணக்கப்பிள்ளை ஐயா எப்புடியும் கழிப்பாருன்னு நாங்க முன்னாடியே கூட்டி வச்சோம்."

பாக்கியத்தின் வரிசை

கல்லும் பூட்டும் கழித்து நிறுத்தபோது உண்மை வந்தது: ஆளுக்கு ஒரு றாத்தல்தான் கூடியிருந்தது. அனுப்பிய பால்மாவுக்கு அது போதாது. எங்கேயோ ஒழுகுகிறது என்று சந்தேகப்பட்டு, ஒரு காலையில் சொல்லாமல் கொள்ளாமல் பிள்ளைக் காம்பிராவுக்குப் போனேன்.

பட்டியலில் இருந்தது முப்பத்தைந்து பிள்ளை. வரிசையில் நின்றது எண்பதுக்குக் குறையாது. பள்ளிக்கூடத்துக்குப் போகிற அண்ணன் அக்காமார், வயிற்றுப்பிள்ளைக்காரிகள் நாலு பேர், கடைசியில் கோட்டுப் போட்ட கருப்பையா. பாக்கியம் முப்பத்தைந்து பேருக்கான மாவில் தண்ணீரைக் கூட்டிக் கூட்டி எல்லாருக்கும் ஊற்றிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டும் கை நிற்கவில்லை. பட்டியலைக் காட்டிக் கேட்டேன். கேட்டபோதே எனக்குக் கேவலமாக இருந்தது. நான் வரும் வழியில் கடையில் தோசை தின்றுவிட்டு வந்தவன்.

"நிக்கிற வயித்தப் பாத்து ஒம் பேரு இதுல இல்லன்னு சொல்றதுக்கு எனக்குப் படிப்பு பத்தாதுங்க, நீங்க வேணா சொல்லுங்க."

பட்டியலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இறங்கினேன். கந்தோரில் விஷயத்தைச் சொன்னேன். அந்தோனி மாஸ்டர் இரண்டு பக்கத்தையும் கணக்குப் பார்த்தார். எழுதினால் பட்டியலில் இல்லாதவர்களுக்குக் கொடுத்த குற்றம், எழுதாவிட்டால் பிள்ளைகள் தேறாத குற்றம்.

"ரெண்டு குத்தத்துல எது வயிறு நெறைக்குதோ அத வச்சிக்குவோம் தம்பி."

பிரதிநிதி வந்தது

பிரதிநிதி ஒரு வெள்ளைக்கார அம்மா. உயரமாக, மெலிவாக, மழைக்கோட்டோடு வந்தார். அன்று பாக்கியத்தின் வரிசையில் பட்டியல் பிள்ளைகள் மட்டும் நின்றார்கள். மற்றவர்கள் லயத்துக்குப் பின்னால் மூச்சுக் காட்டாமல் இருந்தார்கள். மாலை, மேளம், துரை எல்லாம் முடிந்து நிறுவை மடுவத்துக்கு வந்தோம். அந்த அம்மாவின் கையில் நான் டைப் அடித்த பாழாய்ப்போன எண்கள். எடை எப்படிக் குறைந்தது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், லெச்சுமி தூளியைக் கண்டு வீரிட்டு அலற, மற்றப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டன. "பயப்படாதீர்கள், நானே முதலில் ஏறுகிறேன்" என்று அந்த அம்மா தூளியில் உட்கார்ந்துவிட்டார்.

பிள்ளைகள் அழுகையை நிறுத்தின. மேளக்காரர் மேளத்தைக் கீழே வைத்தார். தராசில் ஒரு வெள்ளைக்கார அம்மா தொங்குகிறார், பக்கத்தில் துரை நிற்கிறார், வெளியே மழை தூறுகிறது. இராமசாமிக்கு எல்லாம் மறந்துபோயிற்று. இருபது வருஷப் பழக்கத்தில் முள்ளைப் பார்த்து உரக்கச் சொன்னார்: "நூத்தி இருவத்தெட்டு. கூடைக்கு ரெண்டு, தண்ணிக்கு ரெண்டு. நூத்தி இருவத்திநாலு." என்ன சொல்கிறார் என்று அந்த அம்மா கேட்டார். மொழிபெயர்த்தேன். என் நாலு றாத்தல் எங்கே போயிற்று என்று கேட்டார். அதையும் விளக்கினேன். கயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்புப் பாதியில் நின்றது. எண்கள் உள்ள தாளை எடுத்து, தூளியில் ஆடிக்கொண்டே ஒவ்வொரு பிள்ளைக்கும் கடைசி எடையில் நாலு நாலாகக் கூட்டத் தொடங்கினார். ஆளுக்கு ஒரு றாத்தல் ஏற்றம். ஏன் ஒன்றுதான் என்றதற்கு, மலை ஏறி இறங்குகிற பிள்ளைகள் அம்மா என்றார் அந்தோனி மாஸ்டர். அதையும் குறித்துக்கொண்டார். பால் நிற்காது என்று அங்கேயே சொன்னார். பாக்கியம் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். இறங்கும்போது அந்த அம்மா இராமசாமிக்குக் கைகொடுத்தார்.

"என் வீட்டுத் தராசை இவரிடம் விட்டுக் கொஞ்சம் பழக்கவேண்டும்."

அட்டைப்படம்

வருஷக் கடைசியில் சபை புத்தகம் அச்சிட்டு அனுப்பியது. அட்டையில் பிள்ளைகள் இல்லை. தூளியில் அந்த அம்மா, கன்னம் உப்ப. படம் பியதாச எடுத்தது. உள்ளே தராசுக் கதை இரண்டு பக்கத்துக்கு வந்திருந்தது. அதைப் படித்த துரை பெருமை தாங்காமல் மடுவத்தில் மூன்று மொழியில் பலகை அடித்து மாட்டினார்: 'பிள்ளைகளுக்கும் விருந்தினருக்கும் கழிவு இல்லை.'

புத்தகத்தைக் காட்ட நான் போனபோது அந்தி நிறுவை நடந்துகொண்டிருந்தது. மழை. மாரியாயி நனைந்துபோய், கூடையோடு வரிசையில் நின்றாள். பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். வாசித்தேன். புத்தகத்தை வாங்காமல், எட்டி அட்டையைப் பார்த்தாள். அவள் முறை வந்தது. இராமசாமி முள்ளைப் பார்த்தார், கூடைக்கு இரண்டு, தண்ணிக்கு இரண்டு கழித்தார், அரைப்பேர் என்று எழுதினார். அவள் கூடையைத் தட்டிக் கொட்டிவிட்டு என் பக்கம் திரும்பினாள். கோபமாகக் கேட்கவில்லை, விஷயம் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"புள்ளைகளுக்குக் கழிச்சதக் கூட்டிக் குடுத்தீங்க, அந்தம்மாவுக்குக் கழிச்சதயும் கூட்டிக் குடுத்தீங்க. நாங்க எந்தப் புத்தகத்துல வந்தா சார் எங்க கொழுந்துக்குக் கூட்டுவாங்க?"

அந்த மாத அறிக்கையில் பிள்ளைகளின் எடையைக் கால் றாத்தல்கூடப் பிசகாமல் எழுதினேன், மாரியாயியின் கேள்வியை எழுதவில்லை, அதனால் என் வேலைக்கு ஒரு குறையும் வரவில்லை.